மூட்டையை எடை போடும் பக்தி

“அந்தம்மா யாத்ரீகர் இல்லை, துரிகிரினா.”

வட ஸ்பெயினின் மெசெத்தா சமவெளி. கரியோன் தெ லோஸ் கோந்தேஸ் என்ற சிற்றூரைத் தாண்டினால் 17 கிலோமீட்டருக்கு ஊரே கிடையாது. கோதுமை வயலும், கோடு கிழித்தது போல ஒரு சரளைப் பாதையும்தான். அந்த வெட்டவெளி முடிகிற இடத்து விடுதியில், எதிர்க்கட்டிலில் உட்கார்ந்து கால் கொப்புளத்தில் ஊசிநூல் கோத்துக்கொண்டிருந்தவர் சொன்ன வாக்கியம் அது. துரிஸ்தா, பெரெகிரினோ என்ற இரண்டு ஸ்பானியச் சொற்களை ஒட்டிச் செய்த வசை துரிகிரினோ: யாத்ரீக வேடம் போட்ட சுற்றுலாப் பயணி என்று பொருள். அந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முழங்காலில் அறுவைத் தழும்பு. அதே 17 கிலோமீட்டரை அவரும் நடந்துதான் வந்திருந்தார். அவர் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. அவருடைய பை வேனில் வந்தது.

சொன்னவரும் அவருடைய நண்பரும் பிரெஞ்சு எல்லை ஊரான சான் ழான் பியே தெ போரிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் மூட்டை சுமந்து வந்தவர்கள். முதலில் வந்ததால் இருவருக்கும் கீழ்ப்படுக்கை கிடைத்திருந்தது. அந்த அம்மாவுக்கு ஏணி ஏறிப் போகும் மேல்படுக்கை. வாசல் கதவுக்கு மேலே, இந்தப் பாதையின் விடுதிகளில் அடிக்கடி கண்ணில் படும் வாசகத்தை யாரோ பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள்: சுற்றுலாக்காரன் கேட்டு வாங்குவான், யாத்ரீகன் கிடைத்ததற்கு நன்றி சொல்வான்.

இது இரண்டு பேருடைய வாய்த்துடுக்கு என்றால் நான் எழுதவே வேண்டியதில்லை. காமினோ தெ சாந்தியாகோ பற்றிய வழிகாட்டி நூல்கள், பயண நினைவுகள், விடுதிச் சாப்பாட்டு மேசைப் பேச்சு எல்லாவற்றிலும் இந்தத் தராசு தொங்குகிறது. நம்மூர்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று கும்பிடுகிற அதே அப்போஸ்தலரின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா பேராலயத்தை நோக்கி, ஸ்பெயினின் மலையூர்கள் வழியாகவும் போர்ச்சுகலின் திராட்சைத் தோட்டங்கள் வழியாகவும் போகிற பாதைகளின் பொதுப்பெயர்தான் காமினோ. அதில் போகிறவர்களில் யார் அசல், யார் போலி என்று பிரித்துச் சொல்ல இன்று ஆயிரம் பேர் தயாராக இருக்கிறார்கள்.

எதிராளி சொல்லாததை அவர் வாயில் திணித்துவிட்டு மறுப்பது சுலபம். அது வேண்டாம். அவர்கள் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் வைக்கிறேன்.

நீண்ட நடைக்கு ஒரு வேலை உண்டு என்கிறார்கள். முதல் வாரம் உடம்பு அழும், இரண்டாம் வாரம் மனம் அலுக்கும், மூன்றாம் வாரத்தில்தான் ஏதோ ஒன்று உள்ளே கழன்று விழும். முதுகில் இருக்கும் பை, எது தேவை எது தேவையில்லை என்று ஒவ்வொரு ஏற்றத்திலும் பாடம் நடத்தும். கடைசி 100 கிலோமீட்டரை மட்டும் நடந்தாலே கொம்போஸ்தெலா என்னும் சான்றிதழ் கிடைக்கும் என்பதால், சாந்தியாகோவுக்குச் சுமார் 115 கிலோமீட்டர் முன்னால் இருக்கும் சாரியாவில் கூட்டம் பஸ்ஸில் வந்து இறங்குகிறது. பேராலய அலுவலகத்தில் சான்றிதழ் வாங்குகிறவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் அங்கே தொடங்கியவர்கள். முன்பதிவு செய்த அறை, வேனில் வரும் பை, கையில் குடிநீர் பாட்டில். பிரார்த்தனை விற்பனைப் பொருளாகிவிட்டது. ஊர்கள் நாடக மேடை ஆகிவிட்டன. ஆகவே தொலைவிலிருந்து, தன் சுமையைத் தானே சுமந்து, எளிய விடுதியில் படுத்து வருகிறவனே யாத்ரீகன். மற்றவர்கள் அவன் பாதையைக் கெடுக்க வந்தவர்கள். இதுதான் வாதம்.

இதில் முதல் பாதி அனுபவம். அதோடு எனக்குச் சண்டை இல்லை. நீண்ட நடை மனிதனை மாற்றும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ‘ஆகவே’ என்ற சொல்லுக்குப் பிறகு வருகிற ஒவ்வொன்றும் தவறு. எண் போட்டுச் சொல்கிறேன்.

1. தூரம்தான் அளவுகோல் என்றால், திரும்பி நடந்தது யார்?

சான் ழான் தொடங்கி சாந்தியாகோ வரை ஏறத்தாழ 780 கிலோமீட்டர். இதைத்தான் ‘முழுக் காமினோ’ என்கிறார்கள். எந்த நூற்றாண்டில் இது முழுமையானது? 12ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட கோதெக்ஸ் கலிக்ஸ்தீனுஸ் சுவடியின் ஐந்தாம் பாகம் ஒரு பயண வழிகாட்டி. பிரான்சுக்குள் தொடங்கி வரும் நான்கு பாதைகளை அது சொல்கிறது. அவற்றில் மூன்று பிரனீஸ் மலையடிவாரத்தில் ஒன்றுசேர்ந்து வருகின்றன. அந்தக் காலத்து மனிதனுக்குத் தொடக்கப் புள்ளி அவன் வீட்டு வாசற்படி. பாரிஸ்காரன் பாரிசிலிருந்து நடந்தான். பக்கத்துக் கலீசியக் கிராமத்துக்காரன் இரண்டு நாள் நடந்து வந்தான். இரண்டாமவனை யாரும் அரைகுறை என்று சொன்னதாகத் தெரியவில்லை. அவன் வீடு பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

சான் ழானுக்கு விமானமும் ரயிலும் பிடித்து வந்து இறங்குகிறவர், சாரியாவுக்குப் பஸ்ஸில் வந்து இறங்குகிறவரைப் பார்த்து ‘பாதியில் ஏறியவர்’ என்கிறார். இருவருமே பாதியில் ஏறியவர்கள்தான்.

இன்னொன்றையும் இவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. பழைய யாத்ரீகன் சாந்தியாகோவை அடைந்ததும் அவன் பயணம் முடியவில்லை. வந்த தூரம் முழுவதையும் திரும்பி நடக்க வேண்டும். திரும்பும் வழியில் செத்தவர்கள் உண்டு. தூரத்தை வைத்துத்தான் பக்தியை அளப்போம் என்று பிடிவாதம் பிடித்தால், 780 கிலோமீட்டர் நடந்துவிட்டு சாந்தியாகோ விமான நிலையத்தில் வரிசையில் நிற்கிறவருக்கு ஐம்பது மதிப்பெண்ணுக்கு மேல் போட முடியாது. தன் தராசில் தானே ஏறி நிற்கத் துணியாதவர் அடுத்தவரை நிறுத்துப் பார்க்கலாமா?

2. சுமைதான் அளவுகோல் என்றால், அந்தச் சின்னப் பையை என்ன செய்வது?

அதே சுவடியில் யாத்ரீகர்களுக்கான ஒரு நீண்ட பிரசங்கம் இருக்கிறது. யாத்ரீகனின் தோள்பைக்கு அது விளக்கம் சொல்கிறது. பை சிறியதாக இருக்க வேண்டும். ஏனென்றால் அவன் தன் சேமிப்பை நம்பாமல் கடவுளை நம்பிப் போகிறவன். அதன் வாய் கட்டப்படாமல் திறந்தே இருக்க வேண்டும். ஏனென்றால் உள்ளதை இல்லாதவனுக்குக் கொடுக்கவும், கொடுத்தால் வாங்கிக்கொள்ளவும் அவன் தயாராக இருக்க வேண்டும்.

இப்போது சுமையைப் போற்றுகிறவரின் முதுகைப் பாருங்கள். எட்டுப் பத்துக் கிலோ. உறங்குபை, மழைச்சட்டை, மாற்றுச் செருப்பு, மருந்துப் பெட்டி, சார்ஜர், அதற்கு மாற்று சார்ஜர். யாரையும் எதற்கும் நாட வேண்டாத முழு ஏற்பாடு. நான் சுமந்ததும் அதுதான், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பிரசங்கம் கேட்டது இதற்கு நேர் எதிரானதை. கைப்பையோடு வெட்டவெளியில் நடந்து, மாலையில் வேன்காரர் பையைக் கொண்டுவந்து சேர்த்திருப்பார் என்று நம்பி வந்த அந்த அம்மா, 12ஆம் நூற்றாண்டு இலக்கணத்துக்கு நம்மைவிட அருகில் இருக்கிறார்.

கால்நடையாகத்தான் போக வேண்டும் என்பதும் பழைய விதி என்று நினைக்க வேண்டாம். அந்த வழிகாட்டியே எஸ்தெயாவிலிருந்து நாஹெராவுக்கும், நாஹெராவிலிருந்து புர்கோசுக்கும் உள்ள கட்டங்களைக் குதிரையில் போகச் சொல்கிறது. 1417இல் இங்கிலாந்தின் மார்ஜரி கெம்ப் பிரிஸ்டலில் கப்பல் ஏறிப் போய் வந்தார். 1325இல் கணவர் தினிஸ் இறந்த பிறகு போர்ச்சுகல் அரசி இசபெல் போனார். கோயிம்ப்ராவில் அவருடைய கல்லறைச் சிற்பத்தில் யாத்ரீகக் கோல் செதுக்கப்பட்டிருக்கிறது. பின்னால் புனிதர் பட்டம் பெற்ற அவர், தன் மூட்டையைத் தானே தூக்கினாரா என்று யாரும் விசாரிக்கவில்லை. பணக்காரர்கள் உயில் எழுதி, கூலிக்கு ஆள் வைத்துத் தங்கள் பெயரில் நடக்கவிட்டார்கள். ஃபிளாண்டர்ஸ் நகர நீதிமன்றங்கள் அடிதடி வழக்கில் சிக்கியவர்களை சாந்தியாகோவுக்குப் போகும்படி தண்டித்தன. பணம் கட்டி அந்த நடையிலிருந்து தப்பவும் வழி வைத்தன. ‘அசல் யாத்ரீகர்’ மட்டுமே நடந்த ஒரு பொற்காலம் எங்கே இருக்கிறது? காட்டுங்கள்.

3. வியாபாரம் புகுந்துவிட்டது என்கிறீர்களே, அது எப்போது வெளியே இருந்தது?

மேலே சொன்ன வழிகாட்டி பேராலயத்தின் வடக்கு முற்றத்தை வருணிக்கிறது. அங்கே யாத்ரீகர்களுக்குச் சிப்பி விற்றார்கள். ஒயின் தோற்பை, செருப்பு, மான்தோல் பை, பணப்பை, வார், இடுப்புக் கச்சை, மூலிகை எல்லாம் விற்றார்கள். அதே சுவடியின் பிரசங்கம் விடுதிக்காரர்களைத் திட்டித் தீர்க்கிறது: நல்ல ஒயினைச் சுவைக்கக் கொடுத்துவிட்டு மட்டமானதை ஊற்றுகிறவர்கள், பழைய மீனைத் தலையில் கட்டுகிறவர்கள், கள்ள அளவை வைத்திருக்கிறவர்கள். ஏறத்தாழ 900 ஆண்டுக்கு முந்தைய புகார் இது.

இன்று ‘பழமை மாறாத ஊர்’ என்று படம் பிடிக்கப்படும் எஸ்தெயா, 1090 வாக்கில் அரசன் சாஞ்சோ ராமிரெஸ் சலுகைகள் கொடுத்துப் பிராங்கு வணிகர்களையும் கைவினைஞர்களையும் குடியேற்றி உருவாக்கியது. யாத்ரீகர் வருவார்கள், வியாபாரம் நடக்கும், வரி கிடைக்கும் என்ற கணக்கில் பிறந்த ஊர். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் பாலமும் இல்லை, தேவாலயமும் இல்லை, படம் பிடிக்க நீங்களும் இல்லை.

இந்தக் காலத்துக்கே வருவோம். 1985இல் கொம்போஸ்தெலா வாங்கியவர்கள் 690 பேர். மஞ்சள் அம்புக்குறிகளை ஓ செப்ரெய்ரோ ஊரின் பங்குத்தந்தை எலியாஸ் வலீன்யா 1984இல் வரையத் தொடங்கியிருந்தார். அவருடைய உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த 690, லட்சம் ஆனது அம்புக்குறியால் மட்டுமா? 1993 புனித ஆண்டு. கலீசிய வட்டார அரசு ‘ஷக்கோபெயோ 93’ என்ற பெயரில் விளம்பரம், இசைக்கச்சேரி, பொம்மைச் சின்னம் சகிதம் ஒரு பெரிய சுற்றுலாத் திட்டத்தை நடத்தியது. அரசு விடுதிகளின் வலைப்பின்னலும் அப்போது வந்ததுதான். 1992இல் பத்தாயிரத்துக்கும் குறைவாக இருந்த எண்ணிக்கை அந்த ஒரே ஆண்டில் ஒரு லட்சத்தை நெருங்கியது. ‘அசல் யாத்ரீகன் அரசு விடுதியில் படுப்பான்’ என்று சொல்கிறவர், சுற்றுலாத் துறை போட்ட கட்டிலில் படுத்துக்கொண்டுதான் சுற்றுலாவைத் திட்டுகிறார்.

4. ஐந்து வாரம் யாரிடம் இருக்கிறது?

தூய்மைவாதிகள் எடுத்துப் பேசவே விரும்பாத கேள்வி இது. 780 கிலோமீட்டருக்கு முப்பது முதல் முப்பத்தைந்து நாள் வேண்டும். ஸ்பெயினில் சட்டப்படி ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்கு உறுதியான விடுமுறை முப்பது நாள், ஞாயிறுகளையும் சேர்த்து. மருத்துவமனைச் செவிலியோ மீன் பதப்படுத்தும் ஆலைத் தொழிலாளியோ முழுக் காமினோ நடக்க வேண்டுமானால், அந்த ஆண்டின் ஓய்வு முழுவதையும் அதில் போட வேண்டும். பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கும் அம்மாவின் மருத்துவமனை நாட்களுக்கும் ஒன்றும் மிஞ்சாது.

ஐந்து வாரம் யாரிடம் இருக்கிறது? ஓய்வூதியக்காரரிடம், கல்லூரி முடித்து வேலைக்குக் காத்திருக்கும் வசதியான வீட்டுப் பிள்ளையிடம், நீண்ட விடுப்பு கொடுக்கும் அலுவலகத்தில் இருப்பவரிடம். சாரியாவிலிருந்து ஐந்தாறு நாளில் போகலாம். அங்கே தொடங்குகிறவர்களைப் போய்ப் பாருங்கள்: பள்ளிக்கூடக் கூட்டம், பங்குக் கோயில் குழு, பேரனைக் கூட்டி வந்த தாத்தா, ஒரு வார விடுமுறை கிடைத்த கடைச் சிப்பந்தி. பெரும்பாலும் ஸ்பானியர்கள். இது அவர்கள் நாடு, அவர்கள் புனிதர், அவர்கள் பாட்டி நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடன். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய நாம் அவர்களைப் பார்த்து ‘சுற்றுலாக்காரர்’ என்கிறோம். நேரம் இருப்பது ஒரு வசதி. அந்த வசதிக்குத் துறவு என்று பெயர் சூட்டிக்கொள்வது கொஞ்சம் அதிகம்.

5. முடியாதவரை என்ன செய்வீர்கள்? பழைய திருச்சபை ஒரு பதில் சொல்லியிருக்கிறது.

வில்லாஃப்ராங்கா தெல் பியெர்சோ ஊரில் சந்தியாகப்பர் தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதன் வடக்கு வாசலுக்கு மன்னிப்பின் வாசல் என்று பெயர். சாந்தியாகோவுக்கு இன்னும் 180 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது; எதிரே ஓ செப்ரெய்ரோ மலையேற்றம். நோயால் மேலே போக முடியாத யாத்ரீகன் புனித ஆண்டில் இந்த வாசலில் நுழைந்தால், சாந்தியாகோவை அடைந்தவனுக்கு உரிய அதே பாவமன்னிப்புச் சலுகை அவனுக்கும் உண்டு.

ஒரு நிமிடம் இதை யோசியுங்கள். ஊருக்குப் போய்ச் சேராதவனையே யாத்ரீகன் என்று ஏற்றுக்கொண்டது இடைக்கால மதம். சாட்டையும் தண்டனையும் கையில் வைத்திருந்த மதம் அது. பையை வேனில் அனுப்பினாலே பதவி பறிப்பது நம் காலத்து ஜனநாயகவாதிகள்.

பாதை நெடுக நூற்றாண்டுகளாக எழும்பிய ‘ஒஸ்பித்தால்’கள் எதற்கு? இன்றைய விடுதிக் காப்பாளரை ஒஸ்பித்தலேரோ என்று அழைப்பதே அந்தச் சொல்லின் மிச்சம். தளர்ந்தவனுக்கும் நோயாளிக்கும் படுக்கையும் கஞ்சியும் கொடுக்கத்தான் அவை கட்டப்பட்டன. திடகாத்திரமான ஆள் பந்தயம் ஓடுவதற்காகக் கட்டப்பட்டிருந்தால் அவற்றுக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள். இன்றைய பேராலய அலுவலகமும் நடந்தோ குதிரையிலோ 100 கிலோமீட்டர், சைக்கிளில் 200 கிலோமீட்டர் வந்தாயா, யாத்ரீக அட்டையில் வழிநெடுக முத்திரை வாங்கினாயா, என்ன நோக்கத்தோடு வந்தாய் என்று கேட்கிறது. பை எங்கே இருந்தது என்று கேட்பதில்லை. கோயில்காரர்களே கேட்காத கேள்வியைப் படுக்கையில் கிடந்தபடி கேட்கிறவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்?

6. 100 கிலோமீட்டரை 300 ஆக்கினால் என்ன நடக்கும்?

இப்படி ஒரு கோரிக்கை காமினோ ஆர்வலர்கள் நடுவே உண்டு. கேட்க நியாயமாக இருக்கும். விளைவைப் பாருங்கள்.

பிரெஞ்சுப் பாதையில் 300 கிலோமீட்டர் என்றால் லியோன் நகரம் புதிய சாரியா ஆகும். கூட்டம் அங்கே பஸ்ஸில் வந்து இறங்கும்; வேன்கள் அங்கே நிற்கும்; நெரிசல் மூன்று மடங்கு நீளத்துக்குப் பரவும். அங்கேயும் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து ‘லியோன்காரர்கள் போலிகள், 500 ஆக்கு’ என்பார்.

போர்ச்சுகீசியப் பாதையில் விளைவு இன்னும் மோசம். சமீப ஆண்டுகளில் சான்றிதழ் வாங்குகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் போர்ச்சுகல் பக்கமிருந்து வருகிறவர். போர்ட்டோவிலிருந்து உள்நாட்டுப் பாதையில் சாந்தியாகோ சுமார் 240 கிலோமீட்டர். பார்செலோசின் சேவல் கதை கேட்டு, போந்தே தெ லிமாவின் பழைய பாலம் கடந்து, லப்ருஜா மலையின் கல்படிகளில் மூச்சுவாங்கி ஏறி, வலென்சா கோட்டையிலிருந்து 1886ஆம் ஆண்டு இரும்புப் பாலத்தில் மின்யோ நதியைக் கடந்து, துய் நகரில் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னே தள்ளி வைக்கிற அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள் நடை, ஒரு கையெழுத்தில் ‘போதாது’ ஆகிவிடும்.

ஆங்கிலப் பாதை அடியோடு போகும். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவர்கள் கரையிறங்கி நடந்த வழி அது. ஃபெரோலிலிருந்து சுமார் 115 கிலோமீட்டர். லா கொருன்யாவிலிருந்து 75தான். கடல் எங்கே முடிகிறதோ அங்கே பாதை தொடங்குகிறது. அதை நீட்ட முடியாது. இடைக்காலத்தில் யாத்ரீகர்கள் உண்மையாகவே நடந்த ஒரு பாதையை, இடைக்காலத்தின் பெயரைச் சொல்லியே தகுதிநீக்கம் செய்ய வேண்டியிருக்கும். பழமையைக் காப்பாற்றக் கிளம்பிய தூய்மை பழமையின் மேலேயே கை வைத்து நிற்கும்.

7. ஊர்க்காரரைக் கேட்டீர்களா?

மெசெத்தாவிலும் லியோன் மலைகளிலும் கிராமங்கள் காலியாகிக்கொண்டு வந்தது ஊரறிந்த செய்தி. 1990களின் தொடக்கத்தில் ஃபொன்செபதோன் ஏறக்குறைய ஆளில்லாத இடிபாடு. இன்று அங்கே விடுதிகள் இருக்கின்றன, சூடான சாப்பாடு இருக்கிறது, இரவில் விளக்கு எரிகிறது. அதைத் திரும்ப எழுப்பியது நடந்து வந்தவர்களின் பசி.

பை ஏற்றும் வேனை ஓட்டுகிறவர் யார்? மாவட்டத் தலைநகரத்துக்குப் போகாமல் ஊரிலேயே தங்கிவிட்ட ஒருவர். தனியறை வாடகைக்கு விடுகிறவர் யார்? பிள்ளைகள் மத்ரீதுக்குப் போய்விட்ட வீட்டில் தனியாக இருக்கும் அம்மா. ‘அசல்’ யாத்ரீகர் பத்து யூரோ படுக்கையில் தூங்கி, பொதுச் சமையலறையில் பாஸ்தா கிண்டி, விடியுமுன் கிளம்பிவிடுகிறார். ‘போலி’ யாத்ரீகர் அறை எடுக்கிறார், உட்கார்ந்து சாப்பிடுகிறார், வேனுக்குக் கொடுக்கிறார். முதலாமவர் மட்டும் வந்தால் போதும் என்பவர், அந்த ஊரில் எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

வட போர்ச்சுகல் கிராமங்களில் அடிக்கடி ஒரு காட்சி உண்டு. வீட்டு வாசலில் சின்ன மேசை. தட்டில் ஆரஞ்சுப் பழங்கள், ஒரு ஃபிளாஸ்க், அட்டையில் முத்திரை குத்த ஒரு ரப்பர் ஸ்டாம்ப், பக்கத்தில் காசு போட டப்பா. ஆள் உள்ளே வேலையாக இருப்பார். அந்த மேசைக்கு யார் சாரியாக்காரர், யார் சான் ழான்காரர், யாருடைய பை வேனில் போகிறது என்று தெரியாது. தாகம் உள்ளவர் எடுத்துக்கொள்கிறார். நான் நடந்த பாதைகளில் காமினோவின் இறையியலை அந்த மேசையைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஊர்கள் நாடக மேடை ஆகிவிட்டன என்ற புலம்பலின் அடியில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பானம் விற்கும் இயந்திரம் கூடாது, புதுப் பெயின்ட் கூடாது, வைஃபை பலகை கூடாது என்றால், ஊர் எனக்காக ஏழையாகவே இருக்க வேண்டும் என்று அர்த்தம். மேடை கேட்பது யார் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் நெரிசல் பொய்யா? இல்லை. 2024இல் கொம்போஸ்தெலா வாங்கியவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். சாந்தியாகோவில் குடியிருப்பவர்கள் ஒரு லட்சம் பேர்தான். பழைய நகரத்தில் குடியிருப்புகள் சுற்றுலா வாடகை வீடுகளாக மாறுவதால் உள்ளூர்க்காரர் வீடு தேடி அலைகிறார். கோடையில் சாரியாவுக்கும் சாந்தியாகோவுக்கும் நடுவே படுக்கை பிடிக்க அதிகாலை ஐந்து மணிக்கே தலைவிளக்கு மாட்டி ஓடுகிறார்கள். புதரோரம் காகிதக் குப்பை. எல்லாம் உண்மை.

ஆனால் இந்த நோய்க்கும் அந்த மருந்துக்கும் என்ன சம்பந்தம்? நெரிசல் எண்ணிக்கையாலும் பருவத்தாலும் ஒரே பாதையில் குவிவதாலும் வருகிறது. பையைத் தானே தூக்குவதால் ஒருவர் அடைத்துக்கொள்ளும் இடம் பாதியாகிவிடாது. ஐந்து நாள் நடக்கிறவர் ஐந்து நாள் படுக்கையும் தண்ணீரும் குப்பைத்தொட்டியும் கேட்கிறார். முப்பத்தைந்து நாள் நடக்கிறவர் ஏழு மடங்கு கேட்கிறார். சாந்தியாகோவில் இருவரும் அதே வாடகை வீட்டில்தான் தூங்குகிறார்கள். வாடகை வீடுகளுக்கு வரம்பு போடுங்கள். கோடையை விட்டுக் குளிர்காலத்தையும் இளவேனிலையும் சொல்லுங்கள். குளிர்காலப் பாதை, வியா தெ லா பிளாத்தா போன்ற மற்றக் காமினோ பாதைகளுக்கும் கூட்டத்தைப் பிரித்து அனுப்புங்கள். இவையெல்லாம் நகராட்சியும் அரசும் செய்ய வேண்டிய, செய்யக்கூடிய வேலைகள். யாத்ரீகனின் யோக்கியதையை ஆராய்வது இவற்றில் எதையும் செய்யாமலிருக்கச் சொல்லும் சாக்கு.

எஞ்சி நிற்பது கதவுக்கு மேலே மாட்டியிருந்த அந்தப் பலகை. தூய்மைவாதிகள் அதைத் தங்கள் சாட்சியாக அழைக்கிறார்கள். நானும் அதையே அழைக்கிறேன். அதில் கிலோமீட்டர் இல்லை, கிலோவும் இல்லை. கேட்டு வாங்குகிறாயா, கிடைத்ததற்கு நன்றி சொல்கிறாயா என்ற ஒரே கேள்விதான் இருக்கிறது. நான் இவ்வளவு கொடுத்தேன், ஆகவே எனக்கு இன்ன பெயர் வேண்டும், இவருக்கு அது கூடாது என்பது கேட்டு வாங்குகிறவனின் மொழி. 400 கிலோமீட்டர் நடந்த பிறகும் அந்த மொழி மாறவில்லை என்றால், நீண்ட நடை மனிதனை மாற்றும் என்ற வாதத்தின் முதல் பாதியையே அல்லவா சந்தேகிக்க வேண்டியிருக்கிறது?

அன்றிரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்தார்கள். கொப்புளம் தைத்தவர் கீழ்ப்படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அந்த அம்மா ஏணியின் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, ஒவ்வொரு படியாக ஏறினார். என்னுடையதும் கீழ்ப்படுக்கைதான். அவர் மூன்றாவது படிக்குப் போன பிறகுதான் எனக்கு எழத் தோன்றியது. ‘கிராசியாஸ், வேண்டாம், ஏறிவிட்டேன்’ என்று இருட்டில் சொன்னார். அந்த அறையில் அன்றைக்கு நன்றி சொன்னவர் அவர் ஒருவர்தான்.